நெட்டுக்குப்பத்தில் ஒரு நெட் வெயிட்!

எண்ணூருக்குப் போகிறேன் என்று சொன்னால் தென்சென்னைக்காரர்கள் போர்முனைக்குக் கிளம்புகிறவனை வழியனுப்புவது போலப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு நாய்க்குட்டியைப் பார்க்கப் போகிறேன் என்றால்? எதற்கு வம்பு, 'மீன் வாங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல். ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் சீட் கிடைத்தது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம்... இந்த லைனில் கண்ணை மூடிக்கொண்டே மூக்கால் ஸ்டேஷன் பெயர் சொல்கிற ஆசாமிகள் உண்டு. எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, குப்பத்து முனையில் கொண்டு போய் விடுகிறார்கள்.

நெட்டுக்குப்பத்தை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். கிழக்கே வங்காள விரிகுடா. வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம். ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் நிற்கிற பழைய பாலம் ஒன்று உண்டு. விடிகாலையில் கேமராவும் கையுமாக வருகிற கூட்டம் அதைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறது. ஊருக்குள் யாரும் வருவதில்லை. நான் போனேன்.

நண்பர் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். இந்த வீட்டுக்குத்தான் 'டைசன்' வந்திருந்தான். வயது ஒன்பது வாரம். வெள்ளைப் பஞ்சு மிட்டாய்க்குக் கண் வைத்த மாதிரி ஒரு பொமரேனியன். குத்துச்சண்டைக்காரன் பெயர் வைத்துக்கொண்டு கோழிக்குஞ்சைப் பார்த்தால் கட்டிலுக்கடியில் ஓடுகிறான்!

பொமரேனியன் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, நம்மூரில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் 'இண்டியன் ஸ்பிட்ஸ்'. அசல் பொமரேனியன் வளர்ந்து முடித்தாலே மூன்று கிலோ சுமார்தான். விக்டோரியா மகாராணி 1901-ல் கண் மூடியபோது பக்கத்திலிருந்த 'டூரி' அந்த ஜாதி. நம்முடைய சின்ன ஸ்பிட்ஸ் ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை போகும். 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் கிரிக்கெட் அம்பயராக வந்து கைதட்டல் வாங்கிய டஃபி இதுதான். எந்த ஜாதி என்று தெரியாவிட்டால், எத்தனை கிலோ வரை வளரவேண்டும் என்றும் தெரியாது. டைசனின் அப்பா அம்மாவைப் பார்த்து வாங்கியதால் ஆறு கிலோ என்று நண்பர் குறித்து வைத்திருந்தார்.

"நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்றேன்.

"அட போப்பா, நீயும் எங்கம்மா மாதிரியே சொல்றே" என்று நொந்துகொண்டார் நண்பர். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன் தம்பி, முப்பது வருசமா தராசு இல்லாம கூறு கட்டி மீன் விக்கிறவ நானு. கூறுக்குக் கூறு அம்பது கிராம் வித்தியாசம் இருக்காது. இது ரெண்டு கிலோவுக்குக் கொறையாது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். இறால் வியாபாரியிடமிருந்து எலக்ட்ரானிக் தராசு இரவல் வந்தது. (மீனைக் கூறு கட்டலாம்; இறாலைக் கிலோ கணக்கில்தான் வாங்குவார்களாம்.) டைசனை ஒரு கூடையில் உட்கார வைத்து ஏற்றினோம். 1,620 கிராம். ஷிப்பிங்காரர் விடுவாரா? அது கிராஸ் வெயிட். கூடை மட்டும் 380. கழித்தால் நெட் வெயிட் 1,240!

வீடே நிசப்தம். அம்மா தராசைத் தட்டிப் பார்த்தார். இரண்டு கத்தரிக்காயை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"முடி பண்ற வேலைம்மா" என்றார் நண்பர். அவர் அம்மாவின் கையைப் பிடித்து டைசனின் விலாவில் வைத்து அழுத்தினார். உங்கள் கையை முஷ்டி பிடித்து மேலே தடவினால் எலும்பு துருத்துகிறதல்லவா, நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. விரலை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு தெரிந்தும் தெரியாமல் இருக்கிறதே, அதுதான் சரியான அளவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. டைசனின் விலா முஷ்டியாக இருந்தது. வயிறு மட்டும் பலூன். பலூன் வயிறு செழுமைக்கு அடையாளமில்லை, பல சமயம் குடற்புழு.

இந்த நெட் வெயிட் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு டைசன் கிட்டத்தட்டப் போய்விட்டான்.

அந்த வீட்டுக் கடிகாரம் கடல் சொல்கிறபடி ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து விளக்கணைத்துவிடுவார்கள். விடியும் முன் அப்பா கடலுக்கு. அம்மா மீனுக்கு. நண்பர் ஏழு மணி ரயிலுக்கு. மதியம் ஒரு மணிக்கு அம்மா திரும்பி வந்துதான் டைசனுக்குத் தட்டு. நான் பி.காம். என்பதால் சட்டென்று கணக்குப் போட்டுவிட்டேன்: பதினேழு மணி நேரப் பட்டினி! பெரிய நாய்க்குட்டி எப்படியோ சமாளித்துவிடும். சின்ன ஜாதிக் குட்டிக்குக் கையிருப்பு கிடையாது. உடம்பில் சேமிப்பு கொஞ்சம், செலவோ மளமளவென்று. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், சுருண்டு படுக்கும், வலிப்புகூட வரும்.

அம்மா கதவைத் திறந்தபோது டைசன் தரையில் கிடந்திருக்கிறான். தலை நிற்கவில்லை. அக்கம்பக்கம் கூடிவிட்டது. "கண்ணு பட்டுடுச்சு" என்று ஒருத்தர் உப்பும் மிளகாயும் சுற்றினார். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஆயா சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குட்டி எழுந்து உட்கார்ந்தது. எது வேலை செய்தது என்பதில் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு கட்சி. என் ஓட்டு ஆயாவுக்கு! நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும்; ஈறில் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும். ஆயா எந்தப் புத்தகமும் படிக்காமல் அதைச் சரியாகச் செய்திருந்தார்.

அன்றைக்கே வேப்பேரிக்கு ஆட்டோ. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, கூடவே ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "போன வாரம் எடை எவ்வளவு?" யாருக்குத் தெரியும்! குடற்புழு மருந்தே கிலோ கணக்கில்தான் கொடுக்கவேண்டும். அம்மாவின் இரண்டு கிலோவை நம்பியிருந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் மருந்து உள்ளே போயிருக்கும். டாக்டர் தானே எடை பார்த்து மருந்து கொடுத்தார்; வாராவாரம் எடை குறித்து வைக்கவும் சொல்லி அனுப்பினார். புழு மருந்து மூன்று மாத வயது வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம்.

சாப்பாட்டுக் கணக்கை நண்பர் எனக்குக் காலண்டரின் பின்பக்கத்தில் காட்டினார். இந்த எடைக்கு, இந்த வயதுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 250 கலோரி. அதை நாலாகப் பங்கு போடவேண்டும். கைக்குட்டை அளவு பட்ஜெட்! அவித்த முட்டை ஒன்று 70 கலோரிக்கு மேல். குளூக்கோஸ் பிஸ்கட் ஒன்று சுமார் 25. 'ஐயோ பாவம் குட்டி' என்று தெருவில் நாலு பேர் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் நூறு காலி; பட்ஜெட்டில் நாற்பது சதவீதம் சத்தில்லாத செலவு. தின்பண்டம் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிஸ்கட்! இந்த அறிவிப்பு வந்த அன்று நண்பர் வீட்டோடு இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்களாம்.

"மீன் திங்கிற ஊர்ல மீன் திங்காத நாயா?" இது அப்பா. அதுவரை வலை பின்னிக்கொண்டிருந்தவர் பேசிய முதல் வாக்கியம்.

தின்னலாம். ஆனால் வேகவைத்து, முள் எடுத்து, உப்பு மிளகாய் இல்லாமல். சில மீன்களில் பச்சையாகத் தின்றால் வைட்டமின் பி-1-ஐ அழிக்கிற சமாசாரம் ஒன்று இருக்கிறது, வெந்தால் போய்விடும். கருவாடு கூடாது, அவ்வளவும் உப்பு. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு கூடவே கூடாது; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் சோறும் மீன் சதையும் மட்டும் கொடுத்தாலோ சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையும். அதனால் வளரும் குட்டிகளுக்கான பாக்கெட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து அடிப்படையாக வைத்துக்கொள்வது, முட்டையும் மீனும் அதற்குள் கொஞ்சம் என்று முடிவாகியிருந்தது. ஒரு நாளைக்கு எழுபது கிராம் என்றால் மாதத்துக்கு இரண்டு கிலோ. சின்ன ஜாதி வளர்ப்பதில் சம்பளக்காரனுக்கு இருக்கிற ஒரே லாபம் இதுதான்.

காலை ஆறு மணித் தட்டு ஆயா பொறுப்பு. பத்து மணித் தட்டு? போட் கரை சேர்ந்து அப்பா வீட்டிலிருக்கிற நேரம் அது. அவர் தலையில் கட்டினார்கள். 'நாய்க்குச் சோறு ஊட்டவா பெத்தோம்' என்று முணுமுணுத்தாராம். நான் பார்த்தபோது முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் வால்தம் ஆராய்ச்சி நிலையம் 2017-ல் நாய்க்குட்டிகளுக்கு வளர்ச்சி வரைபடம் வெளியிட்டது. பன்னிரண்டு வாரத்திலிருந்து இரண்டு வயது வரை, ஆண் பெண் தனித்தனியாக, உடல் அளவுக்கு ஏற்றபடி வளைகோடுகள். குட்டி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட அந்தக் கோட்டோடு ஒட்டி ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு கோடு கீழே இறங்கினாலும், மேலே தாவினாலும் டாக்டரைப் பார்க்கவேண்டும். இதை நான் பெரிய விஞ்ஞானம் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கிட்டார்:

"பால்வாடியில புள்ளைங்களுக்குப் போடுவாங்களே, அந்த அட்டைதானே? இவனையே தூக்கினு போயி எடை போட்டவதான் நானு. ஏறவே மாட்டான். கோட்டுக்குக் கீழயே கெடந்தான். மாசாமாசம் அந்த டீச்சர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும்."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். (இப்போது எண்பத்தைந்து கிலோ. எந்தக் கோட்டிலும் அடங்கமாட்டார்!) அவர் தராசுக்கு அலைந்த காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தமிழ்நாட்டில் இது பழைய சங்கதிதான். 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமத்துக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்குக் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்தம். வால்தம்காரர்களுக்கு முப்பத்தேழு வருடம் முன்பே!

சாயங்காலம் டைசனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம். தூக்கிக்கொண்டு என்பதைக் கவனியுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடக்கூடாது. அந்தக் கரையில் வேறு ஆபத்துகளும் உண்டு. வலையில் மாட்டுகிற பேத்தை மீனை மணலில் வீசிவிடுவார்கள். அதன் ஈரலிலும் தோலிலும் இருக்கிற விஷம் ஒரு கிலோ குட்டிக்கு எம்மாத்திரம்! தூண்டில் முள், நைலான் நரம்பு, நண்டு ஓடு எல்லாம் கிடக்கும்.

"எண்ணெ வந்தப்போ இந்த மணலே கறுப்பா இருந்துச்சு" என்றார் அப்பா. 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கச்சா எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்து, படகும் வலையும் கூழைக்கடாவும் ஒரே நிறமானது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். நண்பர் வீட்டு நாய் கால்களை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவப்போவதாகச் சொன்னார். நாய் கால் நக்கும் அல்லவா.

"எங்க கால?" என்றார் அம்மா.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் வாரக்கணக்கில் அவருடைய மீனை ஒருத்தரும் வாங்கவில்லையாம். கூறு கட்டக் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே டைசனின் விலாவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்து ஐந்து வாரமாகிறது. ஞாயிறுதோறும் எனக்குப் போன் வருகிறது, சந்தை நிலவரம் மாதிரி. 1,240... 1,370... 1,520... ஒரு வாரம் 1,530-லேயே நின்றது, வயிற்றுப்போக்கு. மறுவாரம் 1,690. எடை போடுவதற்கு முன்னால் அம்மா விலாவைத் தொட்டு ஒரு கணக்குச் சொல்வாராம். போன ஞாயிறு அவர் சொன்னது 1,850. தராசு காட்டியது 1,840. தராசில் கோளாறு இருக்கிறது என்று இறால் வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.