எழுபதுக்கு மேல் ஓர் ஏர்கன்

ஏர்கன் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நம்மூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எதச் சுடப் போறீரு?" காகிதத்தை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சிரிப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் சிறுவயதில், அறுபதுகளில், நாஞ்சில் நாட்டில் ஏர்கன் என்றால் கொக்கும் காடையும்தான். வசதியான வீடுகளில் சுவரில் ஆணியடித்து ஒன்று தொங்கும். கும்பப்பூ வயல் பச்சை பிடித்து, குளங்களில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களில் அது கீழே இறங்கும். சாயங்காலம் வரப்பில் வருகிறவர் தோளில் துப்பாக்கியும் கையில் இரண்டு கொக்கும் இருப்பது அன்றைக்கு சாதாரணக் காட்சி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது குற்றம். அன்று கொக்கு சுட்ட சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. காலம் மாறினாலும் கேள்வி மட்டும் மாறவில்லை.

எனக்கு ஏர்கன் அறிமுகமானது வயலில் அல்ல, சுசீந்திரம் தேர்த் திருவிழாவில். பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, காசுக்கு இத்தனை குண்டு என்று தருவார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், குறிமுள் கோணியிருக்கும். ஆனாலும் பழகின பையன்கள் பலூனுக்கு இரண்டு விரல்கடை தள்ளிக் குறிவைத்து, சொல்லி அடிப்பார்கள். துப்பாக்கி கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் கோணலாக இருந்தால் போதும். நான் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தபோது, துல்லியம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இந்த வயதில் ஆசை வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை பளிச்சென்று இருக்கிறது. கை நடுக்கம் இன்னும் வரவில்லை. காலையில் அரை மணி நேரம் மூச்சை அடக்கி, ஒரு புள்ளியைப் பார்த்து நிற்க ஒரு காரியம் வேண்டும். சிலருக்கு அது ஜபம். எனக்கு இது.

தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டார். "வாங்கது வாங்கேரு, பாயிண்ட் டூ டூவா வாங்கும் வே. நல்ல பவரா இருக்கணும். அணிலு, குரங்கு, மயிலு, எல்லாத்துக்கும் ஆவும்." அவர் சங்கடம் எனக்குத் தெரியும். இளங்காய் உதிர்வதும், வயலில் மயில் இறங்குவதும் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்கும் துப்பாக்கியும் எனக்கு வேண்டிய துப்பாக்கியும் வேறு வேறு.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நண்பர் சொல்லும் 0.22, அதாவது 5.5 மி.மீ., உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

சட்டத்தை விடுங்கள், கணக்குப் பார்ப்போம். இரண்டு துப்பாக்கிக்கும் 8 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 4.5 மி.மீ. ஈயக்குண்டு சுமார் அரை கிராம் எடை. வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 5.5 மி.மீ. குண்டு சுமார் 0.9 கிராம். அதே ஆற்றலில் 133 மீட்டர்தான். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 20 மீட்டர் போவதற்குள் சின்னக் குண்டு 6 சென்டிமீட்டர் தாழும், பெரிய குண்டு 11 சென்டிமீட்டர் தாழும். தூரத்தைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டாலும் சின்னக் குண்டு மன்னித்துவிடும்.

அப்படியானால் பெரிய குண்டு எதற்கு? கனமான குண்டு போய்ச் சேரும் இடத்தில் பலமாக அடிக்கும். அந்த அடி ஓர் உடம்புக்குத்தான் தேவை. காகிதத்துக்குத் தேவையில்லை. எந்த காலிபர் என்ற கேள்வியும், எதைச் சுடப் போகிறீர் என்ற கேள்வியும் கடைசியில் ஒன்றுதான்.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி 4.5 மி.மீ. குண்டில்தான் நடக்கிறது. அங்கே பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர், ஒரு முற்றுப்புள்ளி அளவு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில். அவர்கள் இன்று பயன்படுத்துவது அழுத்தக் காற்று அடைத்த துப்பாக்கி. ஸ்பிரிங் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே: துல்லியத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

நமக்கு ஸ்பிரிங்தான் சரி. சிலிண்டரும் பம்பும் வேண்டாம். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பிஸ்டனின் ஓட்டத்தால் துப்பாக்கி பின்னும் முன்னும் உதறும். ஆகவே இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதற விட வேண்டும்.

எடை குறைவாக வேண்டும் என்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். பழைய முழு அளவுத் துப்பாக்கி மூன்றரைக் கிலோ வரை வரும். என் தோளுக்கு இரண்டரைக் கிலோதான் சரி. ஆனால் லேசான துப்பாக்கிக்குள் முரட்டு ஸ்பிரிங்கை வைத்தால் உதறல் அதிகமாகி, குண்டுகள் சிதறும். எடை குறைந்தால் ஸ்பிரிங்கும் சாதுவாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் வேகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் தாண்டிப் போங்கள். ஒரு காலையில் ஐம்பது முறை குழலை மடக்க வேண்டும். ஐந்தாவது முறையே மூச்சு வாங்கினால், குறி எப்படி நிற்கும்?

கடையில் நான் மூன்று காரியம் பார்த்தேன். குழலை மடக்கி மூடிய பிறகு இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தேன். கண்ணை மூடித் தோளில் வைத்துவிட்டுத் திறந்தேன். குறிமுள் நேராகக் கண்ணுக்கு முன்னால் நின்றால் கட்டை நமக்குப் பொருந்தும். மூன்றாவது, குண்டு போட்டுச் சுட்டு, விசை ஒரே சீராக விடுபடுகிறதா என்று பார்த்தேன். குண்டு இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியை வெறுமனே சுடவே கூடாது. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் முட்டிக் கெட்டுவிடும். குண்டில் தட்டைத் தலையுள்ளதை வாங்கினேன். காகிதத்தில் துளை வட்டமாக விழும்.

வீட்டில் ஒரே நிபந்தனை. "பிள்ளைய வாற வீடு, அலமாரியில வச்சுப் பூட்டணும். சாவி எங்கிட்ட." நியாயம்தான். இது விளையாட்டுச் சாமான் அல்ல. அரை கிராம் ஈயம் ஒரு கண்ணைக் கெடுக்கப் போதும். புழக்கடையில் மதிலுக்கு முன்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி வைத்திருக்கிறேன். குண்டு தெறிக்காது. ஈயத்தையும் பொறுக்கி எடுத்துவிடலாம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காப்பி.

நண்பருக்கு முதலில் வருத்தம். மயிலைச் சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று சொன்னேன். "அப்ப எங்க கஷ்டத்த ஆருட்டவே சொல்ல?" என்றார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குருத்தில் ஏறும் எலிக்கு மட்டும் ஒரு வழி சொன்னேன். தென்னையில் இரண்டு ஆள் உயரத்துக்குள், தகரத்தை ஒன்றரை அடி அகலத்துக்குச் சுற்றி அடித்தால் எலி வழுக்கி விழும். மட்டையோடு மட்டை உரசாத மரங்களுக்குத்தான் அது பலிக்கும். இருபது மரத்துக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வந்து பத்துக் குண்டு சுடுகிறார். போன வாரம் அவருடைய ஐந்து துளைகளை ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்போல் இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மதில்மேல் ஓர் அணில் இருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.