மிலிட்டரி கார்டு இருக்கு, தாம்பரம்தான் தூரமா இருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதான முன்னாள் ராணுவ வீரர் இருந்தால் கடைசி வரை படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார்.

நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உடுப்போடு நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்பி, பிள்ளைகள் படிப்புக்காக மறுபடியும் நின்றுகொண்டே சம்பாதித்தவர்கள். முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அதன் பிறகு அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

என் பெரியப்பா மகனும் அப்படித்தான். 1971 போரின்போது ராணுவ லாரி ஓட்டியவர். 17 வருடம் சர்வீஸ். வயது 75 தாண்டிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரையும் பி.பி.யும் அதற்கு முன்பே உண்டு. மகனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, மருமகளுக்கும் வேலை. பகலில் கட்டிலில் அண்ணன், பக்கத்தில் 70 வயது அண்ணி. அவ்வளவுதான் வீடு.

அவருக்கு மருத்துவ வசதி இல்லையா என்றால், இருக்கிறது. முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், எல்லோரும் இ.சி.எச்.எஸ். என்று சொல்வது. 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. பென்ஷன் வாங்கும் வீரர் ஒருமுறை பணம் கட்டிச் சேர்ந்தால் அவருக்கும் மனைவிக்கும் ஆயுளுக்கும் சிகிச்சை. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பணமும் கட்ட வேண்டியதில்லை. பாலிகிளினிக்கில் டாக்டர் பார்ப்பார், மாத்திரை தருவார்கள், பெரிய வியாதி என்றால் அங்கீகரித்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நல்ல திட்டம். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கியது அந்தக் கார்டுதான்.

ஆனால் பாலிகிளினிக் என்பது நோயாளி போய்ப் பார்க்கும் இடம். அண்ணனுக்கு அது தாம்பரத்தில். ஒரகடத்திலிருந்து படப்பை வழியாக வண்டலூர் போய், அங்கிருந்து தாம்பரம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, காலை ஊன்ற முடியாத ஒருவரைக் காரில் சாய்த்து உட்காரவைத்துக் கூட்டிப் போய், வரிசையில் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் போச்சு. மகனுக்கு ஒரு நாள் சம்பளமும் போச்சு. அந்த வீட்டில் இது யார் குற்றமும் இல்லை. முதலில் ஒரு மாதம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு மாதம். பி.பி. மாத்திரை இரண்டு மாதம் நின்றுபோனது. "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று அண்ணன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பட்டாளத்துக்காரர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வாரா?

இத்தனைக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்யும் பெண் அந்தத் தெருவுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறாள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருதுகூட வாங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை செய்பவரும், வலி தணிக்கும் பராமரிப்புக்கு நர்ஸும் வருகிறார்கள்.

அந்தப் பெண்ணை அண்ணன்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் கேட்டபோது, "அது இல்லாதவங்களுக்கும்மா. எனக்குத்தான் மிலிட்டரி கார்டு இருக்கே" என்றார். இன்னொருவர் பங்கை நாம் எடுக்கக் கூடாது என்ற கௌரவம். நான் வகுப்பில் சொல்வது போலத்தான் அவரிடம் சொன்னேன். "அண்ணே, வருமான வரம்பு இருக்கிறது முதலமைச்சர் காப்பீட்டுக்கு. வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்க யாரும் வருமானச் சான்று கேட்கறதில்லை. பட்டாளத்துல ரேஷன் வண்டி உங்க கூடாரத்துக்கு வந்தப்போ வேண்டாம்னு அனுப்பினீங்களா?" லாரி ஓட்டியவர் இல்லையா, சிரித்துவிட்டார்.

அடுத்த முறை அந்தப் பெண் உள்ளே வந்து பி.பி. பார்த்தாள். மிகவும் அதிகம். பாதத்தைத் தூக்கிப் பார்த்தவளும் அவள்தான். குதிகாலில் ஒரு புண். உணர்ச்சி இல்லாத கால் என்பதால் அவருக்கே தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லி மருந்து கட்ட ஏற்பாடு செய்தாள். சர்க்கரைக்காரரின் கால் புண்ணை இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களில் நர்ஸாக இருப்பவர்களுக்குத் தெரியும். அண்ணன் எழுந்து நடந்துவிடவில்லை. ஆனால் கால் இருக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கான துறை 1970-களிலிருந்தே டாக்டர், நர்ஸ், இயன்முறை நிபுணர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவாக வீட்டுக்கு அனுப்புகிறது. நம் நாட்டிலும் 2021 மே மாதம் 'சேஹத்' என்ற பெயரில் ராணுவ டாக்டர்களை வீடியோவில் பார்க்கும் வசதி வந்தது. ஆனால் குதிகாலைத் தூக்கிப் பார்க்க ஒரு கை வேண்டும். பாலிகிளினிக்கிலிருந்தும் மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முன்னாள் படைவீரர் சங்கங்களில் இருக்கும் என் மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது:

1. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ பெரியவரின் பெயரைக் கொடுங்கள். இடம் தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

2. இரண்டு இடத்து மருந்துச் சீட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் வரும். தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டால் ஆபத்து. இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

3. இ.சி.எச்.எஸ். கார்டை விட்டுவிடாதீர்கள். படுக்கையில் இருப்பவருக்காக யார் வந்து மாத்திரை வாங்கலாம், என்ன கடிதம் வேண்டும் என்று பாலிகிளினிக்கில் கேட்டு வையுங்கள். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே சேர்த்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள்.

4. வாரம் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால். இதற்கு எந்தக் கார்டும் வேண்டாம்.

ஷிப்ட் முடிந்து இதைப் படிக்கும் பிள்ளைகளே, "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் அவர்கள் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். "மாத்திரை டப்பாவைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்