நாய்கள் கொண்டுவந்த செய்தி

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி வந்துவிடும். குழந்தைகளையும் கட்டுச்சோற்று மூட்டையையும் அழைத்துக்கொண்டு போக ரொம்ப உகந்த இடம். 1967-ல் ஏற்பட்ட சிறிய மிருகக்காட்சிப் பூங்காவில் மான்கள் இருக்கின்றன. காட்டுக்குள் நடந்தால் அருவி. ஆனால் சித்திரை வெயிலில் போய்விட்டு, "அருவி எங்கே?" என்று என்னைக் கேட்காதீர்கள். மழைக்குப் பின் போக வேண்டும்.

மான் பார்த்தாயிற்று, அருவியில் குளித்தாயிற்று என்று உடனே திரும்பிவிடாதீர்கள். சற்றே தலை நிமிர்ந்து மலையைப் பாருங்கள். அங்கே குடியிருப்பவர்கள் மலையாளிகள். "கேரளத்துக்காரர்கள் இங்கே எப்படி?" என்கிறீர்களா? இவர்கள் வேறு. மலையை ஆள்வதால் மலையாளிகள். சாமை விதைத்து, புளியும் தேனும் சேகரித்து வாழும் பழங்குடியினர். பேசுவது தமிழ்தான்.

இவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. காஞ்சீபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்களாம். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத் தடுமாறிக் கரையேறினார்கள். நாய்களோ பாதி ஆற்றிலேயே திரும்பி வீடு வந்து சேர்ந்தன. மனைவிமார் அழுது, கருமாதியும் செய்து முடித்தார்கள். பிறகு வெற்றியோடு வந்த கணவன்மாருக்கு வீட்டில் இடமில்லை! அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறினார்களாம்.

எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதை அச்சாகியிருக்கிறது. சகோதரிகளே, ஒரு தப்பான செய்தி ஒரு குலத்தையே மலையேற்றிவிட்டது பார்த்தீர்களா?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். செம்மரம் கடத்த வந்தவர்கள் என்று போலீஸ் தரப்பு சொன்னது. போனவர்கள் திரும்பி வந்து தங்கள் தரப்பைச் சொல்ல வழியில்லை. மலையில் காத்திருந்த பெண்களுக்கு மறுபடியும் செய்திதான் வந்தது.

ஆகவேதான் தங்கள் சேதியைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று பல தேசத்துப் பழங்குடிகள் முனைந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில், 1980-ல் ஆதிக்குடிகள் தங்களுக்கென்று ஓர் ஊடகச் சங்கம் அமைத்தார்கள். சொந்த பாஷைகளில் வானொலி நடத்தினார்கள். விண்கோள் வழியே வெளியார் டெலிவிஷன் வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டி சொல்லும் கதை என்னாவது என்ற கவலை அவர்களுக்கு. 1988-ல் 'இம்பார்ஜா' என்ற டெலிவிஷன் நிலையமே தொடங்கிவிட்டார்கள்!

நம் நாட்டிலும் 2006-ல் தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2009-ல் வயநாட்டில் 'மாற்றொலி' கிளம்பியது. நீலகிரியில் கோத்தகிரி வானொலி வந்தது. சத்தீஸ்கரில் 2010-ல் இன்னும் எளிய உபாயம் கண்டார்கள். ஒரு எண்ணுக்குப் போன் செய்து கோண்டி பாஷையில் சேதி சொன்னால் போதும். மற்றவர்கள் போனிலேயே கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாளும் நிருபராகிவிடலாம்!

தனி பாஷை இருந்தால் தனி நிகழ்ச்சி வேண்டும் என்று யாருக்காவது தோன்றுகிறது. ஜவ்வாது மலைக்காரர் பேசுவது தமிழ் என்பதால், "இவர்களுக்கென்ன, நம் ரேடியோவே போதுமே" என்று இருந்துவிடுகிறோம். பாஷை ஒன்றாக இருக்கலாம். பட்ட பாடு ஒன்றல்லவே!

அமிர்தியிலிருந்து திரும்பும்போது, சாமை மூட்டையோடு ஒரு மலைக்கார அம்மாள் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாம். "படி என்ன விலை?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உங்கள் ஊர்க் கதை என்ன அம்மா?" என்றும் கேளுங்கள். நாய்கள் கொண்டுவந்த செய்தியை ஊரெல்லாம் கேட்டாயிற்று. ஆற்றைக் கடந்தவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டாமா?