சிலந்திவலைக் கீறல்கள்

இரவு வேளையில் எண்ணெய் நிலையத்தில் நிற்கும் கறுப்பு மகிழுந்து ஒன்றை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மேலே எரியும் விளக்கு அதன் பானெட்டில் ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைச் சுற்றி நூல் போன்ற கோடுகள் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும். பார்ப்பதற்குச் சிலந்தி வலை பின்னியது போலவே இருக்கும். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். வலையும் உங்களோடு நகரும்.

உண்மையில் அங்கு வட்டம் எதுவும் இல்லை. எல்லாத் திசைகளிலும் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள்தாம் இருக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை தெரிவதில்லை. அதனால்தான் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமாவின் பட்டறையில் இதைத் தெரிந்துகொண்டேன். மாமா மகிழுந்துகளுக்கு மெருகேற்றும் தொழில் செய்பவர்.

"இந்தக் கீறல்களை யார் போடுகிறார்கள், தெரியுமா மருமகனே? வண்டியை நேசிக்கிறவர்கள்தாம்," என்பார் மாமா. வண்டியைக் கழுவாமலே விடுபவரின் வண்டியில் தூசி படியும். ஆனால், கீறல் குறைவாக இருக்கும். நாள்தோறும் காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பவரோ அந்தத் தூசியில் இருக்கும் நுண்மணலைப் பூச்சின்மேல் தேய்க்கிறார். ஒரே வாளித் தண்ணீரில் பஞ்சை முக்கி முக்கிக் கழுவுபவரும் அப்படித்தான். சக்கரத்திலிருந்து வந்த மணல் வாளிக்குள் போய், மறுபடியும் கதவுக்கே வந்து சேர்கிறது.

மகிழுந்தின் இரும்புத் தகட்டின்மேல் முதலில் அடிப்பூச்சு, அதற்குமேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத 'கிளியர் கோட்' என்று பல படலங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட பூச்சு முழுவதையும் சேர்த்தால்கூடப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான் வரும். நாம் நகலெடுக்கப் பயன்படுத்தும் ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரோன். அவ்வளவுதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன் இருக்கலாம். வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து நிறத்தைக் காப்பது இந்தப் படலமே.

மெருகேற்றுதல் என்றால் கீறலை எதையோ வைத்து நிரப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. கீறலின் அடிமட்டம் வரைக்கும் அதைச் சுற்றியிருக்கும் பூச்சைச் சீவிக் குறைக்கிறோம். பள்ளத்தை மூடுவதில்லை, மேட்டை இறக்குகிறோம். ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் சில மைக்ரோன் போய்விடும். போனது திரும்பாது. விரல் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கீறல் ஆழமாக இருந்தால், மாமா அதைத் தொடவே மாட்டார்.

மாமாவிடம் இருப்பது ஒரே அச்சில் சுழலும் இயந்திரம். சுழன்றுகொண்டே இப்படியும் அப்படியும் அலையும் மற்றொரு வகை இயந்திரமும் கடைகளில் கிடைக்கிறது. அதில் வெப்பம் அதிகம் சேராது, ஆபத்தும் குறைவு. புதிதாகப் பழகுபவருக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். மாமா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "இது வேலையைச் சீக்கிரம் முடிக்கும், பூச்சு எப்படி இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும்," என்பார். ஆனால், அதே இயந்திரம் ஒரே இடத்தில் சில விநாடிகள் நின்றுவிட்டாலும் பூச்சு சூடேறிக் கருகிவிடும் என்பதை எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

வேலை இயந்திரத்தில் தொடங்குவதில்லை. வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு, பூச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களைக் களிமண் போன்ற மென்மையான கட்டியால் வழுக்கி எடுக்க வேண்டும். கதவு விளிம்பு, பானெட்டின் மேட்டுக்கோடு, நெகிழி பாகங்கள் ஆகியவற்றின்மேல் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். விளிம்புகளில்தான் பூச்சு மிக மெல்லியதாக இருக்கும். பம்பர் நெகிழியால் ஆனது. சூடு அங்கேயே தங்கிவிடும். நம் நாட்டு வெயிலில் தகடு முன்பே கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின்தான் மாமா இயந்திரத்தை எடுப்பார்.

மின்கம்பியைத் தோளின்மேல் போட்டுக்கொள்வார். நுரைப்பஞ்சுத் தட்டில் நான்கைந்து துளி மருந்து விடுவார். முதலில் நிமிடத்திற்கு 600 சுற்று வேகத்தில் மருந்தைப் பரப்புவார். பிறகு 1,200, 1,500 என வேகத்தைக் கூட்டுவார். இரண்டடிச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன்பு போன தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடுமாறு மெதுவாக நகர்த்துவார். இடையிடையே புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்ப்பார். முடித்ததும் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துவிட்டு, விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். மருந்தின் எண்ணெய் கீறலை மறைத்து நம்மை ஏமாற்றிவிடும் அல்லவா? அதனால்தான் அந்தத் துடைப்பு.

ஒரு சனிக்கிழமை, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கறுப்பு நிற புரோட்டோன் பெர்டானாவை ஓட்டி வந்தார். இருபது ஆண்டுக்கும் மேலான வண்டி. அவருடைய தந்தை வைத்திருந்தது. தந்தை இறந்தபின் வண்டியை விற்க மனம் வரவில்லை என்றார். இரண்டு வாரத்தில் மகளுக்குத் திருமணம்; மணப்பெண் அந்த வண்டியில்தான் கோவிலுக்குப் போக வேண்டுமாம்.

"பானெட்டில் முகம் பார்க்கும்படி செய்துகொடுங்கள், தம்பி. ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது. பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்," என்றார்.

மாமா பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியை எடுத்தார். நான் எண்களைத் தாளில் குறித்தேன். கூரை 122. கதவுகள் 115, 118. பின்மூடி 120. பானெட்டின் நடுவில் 84. மேட்டுக்கோட்டின் அருகில் 71. மாமா அந்த இடத்தை மறுபடியும் அளந்தார். அதே எண் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இந்த வண்டிக்கு முன்பு எங்காவது மெருகேற்றினீர்களா?"

தம் தந்தை இருந்தபோது ஏதோ ஒரு கடையில் இரண்டு, மூன்று முறை செய்ததாக அவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் பானெட்டைத்தான் அதிகம் தேய்த்திருக்கிறார்கள். அதுதானே முதலில் கண்ணில் படுகிறது! அந்தக் கருவி மொத்தக் கனத்தை மட்டுமே காட்டும். அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுத்தான் ஊகிக்க வேண்டும். மாமாவின் கணக்குப்படி மேட்டுக்கோட்டின் அருகில் கிளியர் கோட் ஏறக்குறைய தீர்ந்துவிட்ட நிலை.

"மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி செய்து தருகிறேன். பானெட்டில் இயந்திரத்தை வைக்க மாட்டேன். கையால் மெல்லத் துடைத்து, மெழுகு போட்டுத் தருகிறேன். பாதிக் கீறல் தெரியத்தான் செய்யும்," என்றார் மாமா.

ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாரும் பானெட்டைத்தானே பார்ப்பார்கள், அதை விட்டுவிட்டுக் கதவைத் தேய்த்து என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மாதம் பட்டறையில் வேலை குறைவு என்பதும் எனக்குத் தெரியும். தேய்த்துக் கொடுத்தால் திருமணத்தன்று வண்டி மின்னும். ஓரிரு ஆண்டில் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும்போது யாரும் மாமாவைத் தேடி வரப்போவதில்லை. நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அளவெழுதிய தாளை ஆசிரியரிடம் நீட்டினார். "வேறு யாராவது செய்து தருவதாகச் சொன்னால், முதலில் இதைக் காட்டுங்கள், அண்ணே," என்று மட்டும் சொன்னார். பானெட்டுக்குப் புதிதாகச் சாயம் அடிக்கலாமே என்று நான் இடையில் கேட்டேன். அப்பா வாங்கியபோது இருந்த சாயம் மாறக்கூடாது என்று ஆசிரியர் உடனே மறுத்துவிட்டார்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்தார். மாமா சொன்னபடியே செய்யலாம் என்றார்.

வேலை முடிய இரண்டு நாள் ஆனது. கூரையிலும் கதவுகளிலும் வலை முற்றாக மறைந்தது. கடைசியாக, மென்மையான பஞ்சுத் தட்டைக் கொண்டு குறைந்த வேகத்தில் இன்னொரு முறை ஓட்டினார். ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் தானும் மெல்லிய நிழல்தடங்களை விட்டுச் செல்லும். வெயிலில் அவை எண்ணெய்ப் படலம் போல அசையும். அவற்றையும் நீக்கினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். பானெட்டை மாமா கையாலேயே செய்தார். என்னை விளக்கு பிடிக்கச் சொன்னார்.

ஆசிரியர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டின் முன் குனிந்து, மிஞ்சியிருந்த கீறல்களை விரலால் தடவினார். "அப்பா நாள்தோறும் காலையில் பசியாறுவதற்கு முன்பே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து இங்கேதான் துடைத்துக்கொண்டு நிற்பார்," என்றார். மாமா எதுவும் சொல்லவில்லை. இனிமேல் இரண்டு வாளிகளை வைத்துக் கழுவும்படியும், ஒன்றில் சோப்பு நீரும் மற்றொன்றில் பஞ்சை அலசுவதற்கு வெறும் நீரும் இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். புதிய நுண்ணிழைத் துணிகள் இரண்டைக் கொடுத்தார்.

ஆசிரியர் முன்னிருக்கைப் பெட்டியைத் திறந்து, சாயம் போன பழைய துணி ஒன்றை எடுத்தார்.

"அப்படியென்றால், இதை என்ன செய்வது?"

"சக்கரம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், அண்ணே."

அவர் அதை நான்காக மடித்து, மறுபடியும் அதே பெட்டிக்குள் வைத்து மூடினார்.