குழாயோட வயசு என்ன?

தலைப்பைப் பார்த்து குழாயடிச் சண்டைன்னு வந்தவங்க மன்னிக்கணும், இது வேற குழாய் :-)

குளிர் நாடுகள்ல தரைக்குள்ள, கான்கிரீட்டுல, குழாயைப் பாம்பு மாதிரி வளைச்சுப் புதைச்சு வெந்நீர் ஓட விடுவாங்க. ஜனவரியிலயும் வெறுங்காலோட நடக்கலாம், அவ்வளவு சுகம். ஆனா ஓட்டை விழுந்தா தரையை உடைக்கணும். அதனால எத்தனை வருஷம் தாங்கும்ங்கிறதுதான் மேட்டரே.

இதுல நல்லா அடிவாங்கின ஊர் நியூயார்க் பக்கத்துல இருக்கிற லெவிட்டவுன். 1947-லிருந்து 1951 வரைக்கும் 17,000-க்கு மேல வீடுகளைக் கட்டித் தள்ளினாங்க, தரைக்குள்ள செம்புக் குழாயோட. வருஷம் ஓட ஓட பல வீடுகள்ல கசிவு. தரையை உடைக்க மனசில்லாம நிறைய பேர் குழாயைக் கைவிட்டு சுவரோரமா ஹீட்டர் மாட்டிக்கிட்டாங்க.

அப்புறம் வந்தது பெக்ஸ். பாலிஎதிலீன் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு பின்னிவிட்ட பிளாஸ்டிக். துருப்பிடிக்காது. நீளமான சுருளா வர்றதால தரைக்குள்ள ஜாயின்ட்டும் வேண்டாம். 50 வருஷம் கேரண்டியா வரும்னாங்க. யாரு உட்கார்ந்து பார்த்தா? அதிக சூட்டுல, அழுத்தத்துல வாட்டிப் பார்த்துப் போட்ட கணக்கு அது. 110 டிகிரியில 8760 மணி நேரம், அதாவது ஒரு வருஷம் முழுக்க, வாட்டுற சோதனையும் உண்டு. 1970கள்ல புதைச்ச குழாய்கள் இப்பத்தான் நிஜமாவே அந்த 50-ஐத் தொடுது.

சிக்கல் வந்தது வேற பக்கத்துலேருந்து. பழைய பிளாஸ்டிக் குழாயோட சுவர் வழியா ஆக்சிஜன் உள்ள புகுந்துடும். குழாய் நல்லா இருக்கும், ஆனா பாய்லர், பம்ப்ல இருக்கிற இரும்பு துருப்பிடிச்சு, கருப்புச் சேறா வந்து குழாயை அடைக்கும். இதுக்காகத்தான் பின்னாடி வந்த குழாய்கள்ல ஆக்சிஜனைத் தடுக்க ஒரு மெல்லிய படலம் சேர்த்தாங்க.

நான் படிக்கிற ஜெர்மனியில, என் வீட்டுக்காரத் தாத்தா வீடு 80களோட தொடக்கத்துல கட்டினது. ரெண்டு ரூம் சூடாகல. பார்க்க வந்தவர் "மொத்தத் தரையையும் உடைக்கணும்"னுட்டார். பென்ஷன்ல வாழற மனுஷன், முகமே செத்துப்போச்சு. "முதல்ல பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பிரஷர் நின்னா குழாய் உயிரோட இருக்கு"ன்னேன். நின்னுது! அப்புறம் ஒவ்வொரு சுற்றா கழுவினாங்க. வந்தது தண்ணி இல்லைங்க, மை! பாய்லர் தண்ணியும் தரைத் தண்ணியும் கலக்காம இருக்க நடுவுல ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வெச்சாங்க. தரை தப்பிச்சது.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. பழைய பிளாஸ்டிக்ல சில வகை அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆகிடும். அதைக் கழுவியெல்லாம் காப்பாத்த முடியாது.

புதுசா போடறவங்களுக்கு ரெண்டே விஷயம். குழாயை வெயில்ல நாள்கணக்கா போட்டு வைக்காதீங்க. கான்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடி, குழாய் எங்கெங்க ஓடுதுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பின்னாடி டிரில் மெஷினோட வர்றவருக்கு அது தெரியாது.