நேரம் யார் கையில இருக்கு?

இன்னைக்கு ஒரு தோழி சொன்னாங்க:
"சம்பளத்தைக் கூட்ட வேணாம்ப்பா. காலையில ஒரு மணி நேரம் தள்ளி வர விட்டா போதும். பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு நிம்மதியா வருவேன்."

கேட்டதுல இருந்து மனசு ஆறல.

2023 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாடு சட்டசபையில 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறுச்சே, ஞாபகம் இருக்கா?
நாலு நாள் வேலை, மூணு நாள் லீவுன்னு விளக்கம் சொன்னாங்க.
ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க. தொழிற்சங்கங்கள் விடல.
மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார்.

எதிர்த்ததுல என்ன தப்பு?
12 மணி நேரம் மெஷின் முன்னாடி நின்னுட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து, உலை வச்சு, எப்போ தூங்குறது?

1923லயே தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடிட்டார்.
நூறு வருஷம் தாண்டியாச்சு.
இன்னும் ஒரு அம்மா ஒரு மணி நேரத்துக்குக் கெஞ்சணுமா?

நேரத்தை வளைக்கிற உரிமை முதலாளிக்கு மட்டும் இருந்தா, அது தொழிலாளிக்குச் சுமைதான்.
வேலை செய்யறவங்களுக்கும் அதுல பங்கு வேணும்.

உங்க வேலை நேரத்தை உங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணாங்களா? சொல்லுங்க.