பிளேட் பார்க்கிறவர்

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பிக்கொட்டை பவுண்டு 4 டாலரைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. ராயபுரத்தில் எஸ்பிரெஸோ கடை போட இடம் பிடித்து அட்வான்ஸும் கொடுத்திருந்த நண்பர் அந்த வாரம் போன் செய்தார். கொட்டை விலையைப் பற்றிப் புலம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய கவலை வேறு. எந்த அரவை மிஷின் வாங்குவது? மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டிருந்தார். ஒவ்வொருவரும் மற்ற இருவர் விற்கும் மிஷினை மட்டமாகப் பேசியிருந்தார்கள். "திருவொத்தியூர்ல ஒருத்தர் இருக்கார். விக்கிறவர் இல்ல, ரிப்பேர் பாக்கிறவர். நீயும் வா" என்றார்.

காப்பிக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் எஸ்பிரெஸோ மிஷினுக்குத்தான் பணத்தைக் கொட்டுவார்கள். கடைக்குள் வருகிறவன் கண்ணில் படுவது அதுதான். பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் அரவை மிஷினுக்கு மிச்சம் மீதி போகும். நம் வீட்டு பில்டரில் வெந்நீர் தன் கனத்திலேயே இறங்குகிறது. தூள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் டிகாஷன் பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். எஸ்பிரெஸோவில் 9 பார் அழுத்தம் தண்ணீரைத் தள்ளுகிறது. 18 கிராம் தூளிலிருந்து 25, 30 விநாடிக்குள் இரண்டு மடங்கு எடைக்குச் சாறு இறங்க வேண்டும். தூள் ஒரு இழை பெரிதானால் கொட்டிவிடும், புளிக்கும். ஒரு இழை நைசானால் சொட்டும், கசக்கும். அந்த ஒரு இழை அரவை மிஷினின் கையில் இருக்கிறது.

போகிற வழியில் ராயபுரத்துக் காப்பித்தூள் கடை ஒன்றில் நின்றோம். பீபரி, பிளாண்டேஷன், ரோபஸ்டா என்று டப்பாக்கள். அரவை மிஷின் எங்களை விட வயதானது போலிருந்தது. கொட்டையை மட்டும் அரைத்தார்கள். சிக்கரியைத் தனியாகத் தூளாகவே வைத்திருந்து தட்டில் கொட்டிக் கலந்தார்கள். "சேத்து அரைச்சா ஈரத்தை இழுத்துக்கினு பிளேட்ல அப்பிக்கும் சார், அப்புறம் உளி வெச்சித்தான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர். நூற்றுக்கு 49 பங்குக்கு மேல் சிக்கரி கூடாது என்பது சட்டம். இங்கே 20, 30 என்று வாடிக்கையாளரே சொல்லி வாங்குகிறார்கள். பின்பக்கம் வறுவலையும் காட்டக் கூப்பிட்டார். அந்தப் புகைக்கு நான் தயாராக இல்லை.

இந்தத் தூள் கடை மிஷினை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஹாம்பர்க் நகரத்து மால்கோனிக் கம்பெனியின் ஈகே43 இதே சாதிதான். கடை மேடையில் நின்று கிலோக் கணக்கில் அரைத்துக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. 2013இல் மெல்போர்னில் நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் மேட் பெர்ஜர் என்ற ஆஸ்திரேலியர் அதை எஸ்பிரெஸோவுக்குப் பயன்படுத்தி இரண்டாம் இடம் பிடித்தார். அதற்குப் பிறகு பணமுள்ள காப்பிக் கடைக்காரர்கள் எல்லாம் அதைத் தேடினார்கள். அதன் பலம் கொட்டையை அரைக்கும் 98 மில்லிமீட்டர் பிளேட். நண்பரின் பட்ஜெட்டுக்கு 64 மில்லிமீட்டர்தான் எட்டும்.

திருவொற்றியூர் பக்கம் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021இல். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கம் இரும்பு வேலைக்குப் பழகிவிட்டது. 1948இல் தொடங்கி, பின்னால் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில். 1955இல் வந்த என்ஃபீல்டு திருவொற்றியூரில். பெரிய கம்பெனிகளின் மதில் நிழலில் லேத்துப் பட்டறைகள் முளைத்தன. நாங்கள் தேடிப் போனதும் அப்படி ஒன்றைத்தான். தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. உள்ளே ஒரு லேத், ஒரு பென்ச் வைஸ், சுவரோரம் பிரித்துப் போட்ட அரவை மிஷின்கள் ஆறேழு. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, ஒரு மோட்டார் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். பராமரிப்புப் பிரிவு. அங்கே தேய்ந்துபோன லேத் பெட்டைச் சுரண்டி நேராக்கும் வேலையை ஒரு மூத்த ஃபிட்டர் கற்றுக்கொடுத்தார். சமதளமான இரும்புப் பலகையில் நீல மையை மெல்லிசாகத் தடவி, பெட்டின் மேல் வைத்து இழுக்க வேண்டும். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதை ஸ்கிராப்பரால் சுரண்ட வேண்டும். மறுபடி தடவ வேண்டும். நாள் முழுக்க அதுதான். "மொதல் ஆறு மாசம் நீலத்தைத் தடவக்கூட உடல சார். துடைக்கத்தான் உட்டாரு." அப்ரெண்டிஸ் முடிந்ததும் நிரந்தரம் என்றார்கள், கான்ட்ராக்டாகவே பல வருடம் ஓட்டினார்கள், பிறகு புது மிஷின்கள் வந்து பழைய லேத்துகள் எடைக்குப் போயின. சுரண்டத் தெரிந்தவர்களும் வெளியே வந்தார்கள். இவர் மாவு மில் மிஷின்களில் கை வைத்தார். அங்கிருந்து தூள் கடைகள். பிறகு ஒருநாள் நுங்கம்பாக்கத்தில் இருந்து யாரோ ஒரு இத்தாலி மிஷினைக் காரில் தூக்கி வந்தார்களாம்.

பேசிக்கொண்டே ஒன்றைப் பிரித்தார். மேல் பிளேட் அசையாது, கீழ் பிளேட் மோட்டாரோடு சுற்றும். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கின்றன. கீழ் பிளேட்டின் விளிம்பில் விரல் நுனியால் நீலத்தைத் தடவினார். மேல் பிளேட்டை மாட்டி, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியபடி ஷாஃப்டைக் கையால் சுற்றினார். மெல்லிசாக ஒரு கிறீச். நிறுத்தினார். கழற்றி எங்கள் முன்னால் நீட்டினார். மேல் பிளேட்டின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோல நீலம். மறுபக்கம் வெறும் இரும்பு.

"பாத்தீங்களா? இந்தப் பக்கம் உரசுது, அந்தப் பக்கம் வாயைப் பொளந்துகினு நிக்குது. ஒரே நேரத்துல நைஸும் வரும், ரவையும் வரும். இத வெச்சிக்கினு கடைப் பையன் நாள் பூரா குமிழைத் திருகினே இருப்பான்."

பிரியாணி பார்சலில் வருமே, அந்த அலுமினியத் தாள். அதில் நகக்கண் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீலம் ஒட்டாத பக்கத்தில், பிளேட் உட்காரும் இடத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வைத்தார். திருகுகளை எதிரெதிராக இறுக்கினார். மறுபடி நீலம், மறுபடி கிறீச். இப்போது பிறை முக்கால் வட்டமாக வளர்ந்திருந்தது. இன்னும் ஒரு துண்டு. எஸ்பிரெஸோத் தூளின் அளவு சுமார் 300 மைக்ரான் என்றால், அந்தத் தாளின் தடிமன் அதில் இருபதில் ஒரு பங்கு. கடைசியில் வளையம் முழுதாக நீலமானது. புதிதாகப் பெட்டியைப் பிரித்த மிஷினிலும் இந்தக் கோணல் இருக்கிறதாம். "கொத்தாத ஆட்டுக்கல்லுல விடிய விடிய சுத்தினாலும் மாவு நொறநொறன்னுதான வரும்? இதுவும் அப்டித்தான்."

மோட்டார், டைமர், எலெக்ட்ரானிக் போர்டு பற்றியும் சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்தது இது. கடல் காற்று வீசும் ராயபுரத்தில் காலையில் சரியாக இருக்கும் தூள் மதியம் சரியாக இருக்காது; ஆகவே அரவையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒவ்வொரு படியாகத் தாவக் கூடாது, இழை இழையாக நகர வேண்டும். வாயிலும் குழாயிலும் பழைய தூள் தங்கக் கூடாது. பிளேட்டைத் துடைக்க நாலு திருகுக்கு மேல் கழற்ற வேண்டியிருந்தால் எந்தப் பையனும் துடைக்க மாட்டான். அந்த மாடலுக்கு மாற்று பிளேட் சென்னையிலேயே கிடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 கப் என்றால் 1.8 கிலோ, வருடத்துக்கு 650 கிலோ அளவுக்கு வரும். எஃகு பிளேட்டின் ஆயுளே சில நூறு கிலோதான். வருடம் ஒரு முறையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். இதை அந்த மூன்று வியாபாரிகளில் ஒருவரும் நண்பரிடம் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார்கள். மிஷினை விற்கும்போதே ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், என்று ஒரு தொகையைக் கடைக்காரரிடம் கறந்துவிடுகிறார்கள். பிளேட் மழுங்கி, காப்பி கசந்து, கடைக்காரர் கத்தும்போது வியாபாரியிடமிருந்து இந்தப் பெரியவருக்குப் போன் போகும். இவர் பஸ் பிடித்துப் போய் நீலம் தடவிவிட்டு வருவார். கம்பெனிச் சட்டை போட்ட பையன் ஒருவன் பக்கத்தில் நின்று ரசீதில் கையெழுத்து வாங்குவான். இவருக்கு வர வேண்டியது மாதக்கணக்கில் நிற்கும். கேட்டால் "ஹெட் ஆபீஸ்ல இருந்து வரல" என்பார்கள். கொட்டையின் விலைக்காவது ஒரு கதை உண்டு. 1942இல் காப்பிச் சட்டம் வந்து, தோட்டக்காரர்களின் கொட்டையெல்லாம் அரசுத் தொகுப்புக்குப் போனது. தொண்ணூறுகளில் அதைக் கலைத்தார்கள். தோட்டக்காரனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கொட்டை பவுண்டு 4 டாலர் போன நாளிலும், அந்தக் கொட்டையைக் குடிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிற கைக்கு என்ன விலை என்று எந்தச் சந்தையும் கேட்பதில்லை. நடுவில் நிற்கிறவனுக்கு நீலம் எதற்கு என்றுகூடத் தெரியாது. ஆனால் விலை வைப்பது அவன்தான். இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பெரியவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி டீ சொன்னார்.

நண்பர் கடைசியில் வியாபாரி ஒருவர் காட்டிய டச் ஸ்கிரீன் மிஷினை வேண்டாம் என்று விட்டார். வேறொரு கடைக்காரர் மாற்றிவிட்டுப் போன 64 மில்லிமீட்டர் இத்தாலி மிஷின் ஒன்று அந்தப் பட்டறைச் சுவரோரமே இருந்தது. அதையும் இரண்டு செட் புது பிளேட்டுகளையும் பேசி முடித்தார். மாதம் ஒருமுறை நேரடியாக வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"வரேன் தம்பி. ஏ.எம்.சி. கீயெம்சி எல்லாம் வேணாம். வேலை முடிஞ்ச அன்னிக்கே காசு குடுத்துடணும்."

எவ்வளவு என்று நண்பர் கேட்டார். பெரியவர் சொன்ன தொகை, வியாபாரி எழுதிக் கொடுத்திருந்ததில் கால்வாசிகூட இல்லை. நண்பர் பழக்க தோஷத்தில் பேரம் பேச வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.